கடலூரின் புதிய நகர்களுக்கு எந்தக் கழிவுநீர் ஏற்பாடு பொருந்தும்?

1866-இல் நகராட்சியான கடலூர், 2021-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் 1,73,636 பேர். ஆனால் ஊர் பெருகுவது அந்தப் பழைய எல்லைக்குள் மட்டும் அல்ல. விளிம்புப் பகுதிகளிலும், அவற்றுக்கு அப்பால் உள்ள ஊராட்சிகளிலும், நேற்றுவரை நெல்லும் மணிலாவும் விளைந்த நிலங்கள் கல் நட்ட மனைகளாகி, ஆளுக்கொரு ‘நகர்’ என்று பெயர் பெற்று வருகின்றன. இந்தப் புதிய நகர்களின் கழிவுநீரை என்ன செய்வது என்ற முடிவை மாநகராட்சி வெகுகாலம் தள்ளிப்போட முடியாது. கழிவுநீர்க் குழாய்களை முப்பது ஆண்டுத் தேவைக்கு வடிவமைப்பது நம் நாட்டு வழக்கம் என்பதால், இன்று எடுக்கும் முடிவோடுதான் நம் பிள்ளைகள் குடும்பம் நடத்த வேண்டும்.

முன்னால் இருப்பவை நான்கு வழிகள். முதலாவது, எல்லோரும் கேட்கும் பாதாள சாக்கடை: வீட்டுக் கழிவுநீர் முழுவதும் அப்படியே குழாயில் விழுந்து, நீரேற்று நிலையங்கள் வழியாகப் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போய்ச் சேர்வது. இரண்டாவது, வீட்டுக்கு வீடு இருக்கும் செப்டிக் டேங்கை வைத்துக்கொண்டு, கசடை முறைவைத்து லாரியில் எடுத்துத் தனி நிலையத்தில் சுத்திகரிப்பது. மூன்றாவது, டேங்கில் கசடு தங்கியபின் மேலே தெளியும் நீரை மட்டும் சிறு குழாய்களில் கொண்டுபோவது. நான்காவது, ஒவ்வொரு குடியிருப்புத் தொகுதிக்கும் சிறிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அதற்குள்ளேயே அமைப்பது. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஊர் முழுவதற்கும் போர்த்துவது கடலூருக்கு ஒத்துவராது என்பதே இக்கட்டுரையின் முடிவு. எந்தப் பகுதிக்கு எது என்பதைத் தரைமட்டம், நிலத்தடி நீர்மட்டம், மின்சாரம், பராமரிக்கும் கைகள் ஆகிய நான்கையும் வைத்தே சொல்ல முடியும்.

நிலத்தடி நீர்மட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அது எனக்குச் சொந்த அனுபவம். 2015 நவம்பர் மழையில் எங்கள் வீட்டுக் கழிப்பறையில் நீர் இறங்காமல் நின்றுவிட்டது. டேங்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து லாரியை வரவழைத்தோம். மாலையில் அடிவரை உறிஞ்சிக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை மூடியைத் தூக்கிப் பார்த்தபோது டேங்க் விளிம்புவரை நிறைந்திருந்தது; நிறைந்திருந்ததோ ஏறக்குறையத் தெளிந்த நீர். செங்கல் சுவரின் பூச்சு உதிர்ந்த இடுக்குகளில் நூல் நூலாக நீர் கசிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அந்த இடுக்குகள் வழியாக நிலத்தடி நீர் உள்ளே வருகிறது என்றால், கோடையில் அதே வழியாகக் கழிவுநீர் வெளியே போயிருக்கிறது என்று பொருள். டேங்கிலிருந்து பதினைந்து அடி தள்ளித்தான் எங்கள் ஆழ்துளைக் கிணறு இருந்தது. அன்றுமுதல் அந்தக் கிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் நாங்கள் எடுப்பதில்லை.

ஆகவே, பாதாள சாக்கடை வேண்டும் என்று மக்கள் கேட்பதில் முழு நியாயம் உண்டு. வீட்டிலிருந்து கழிவுநீர் அப்போதே வெளியேறிவிடும். டேங்க் வேண்டாம், லாரி வேண்டாம், கிணறு கெடாது. ஆனால் அந்தக் குழாய் சரிவாகப் போக வேண்டும். கசடு படியாமல் நகர நீரோட்டம் நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது பெற வேண்டும் என்பது விதி. நீர் குறைவாக ஓடும் தொடக்கத் தெருக்களில் இந்த வேகம் கிடைப்பதற்கு ஆயிரம் மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில் சரிவு தேவைப்படும். நீர் சேரச் சேரக் குழாய் பெரிதாகும், சரிவு குறையலாம். ஆயினும் கடற்கரையை ஒட்டிய சமதரையில், தரை சரியாமல் குழாய் மட்டும் சரிவதால், ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் குழாய் ஐந்து மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடும். அந்த ஆழத்தில் இங்கே கிடைப்பது நீர் ஊறும் மணல். இருபுறமும் தகடு அடித்து, இரவு பகலாக மோட்டார் போட்டு நீரை இறைத்துக்கொண்டே குழாய் பதிக்க வேண்டும். இறைக்க இறைக்கப் பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் கீழிருக்கும் மணலும் நகரும். கடலூரில் சாலைகளைத் தோண்டிப் போட்டுப் பாதாள சாக்கடைப் பணி நடந்த ஆண்டுகளில் மக்கள் பட்ட பாட்டை அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணி இழுத்ததற்கு நிர்வாகக் காரணங்கள் பல இருக்கலாம். மண்ணும் நீரும் ஒரு பெரிய காரணம்.

ஆழம் தாங்காத இடத்தில் நீரேற்று நிலையம் கட்டிக் கழிவுநீரை மேலே தூக்கி, மறுபடியும் சரிவைத் தொடங்குவார்கள். ஒவ்வொரு நீரேற்று நிலையமும் மின்சாரத்தை நம்பி இருப்பது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. குடிநீர் இல்லாவிட்டால் லாரியில் கொண்டுவரலாம். கழிவுநீரைத் தூக்கும் மோட்டார் நின்றால், அந்த வட்டாரத்திலேயே தாழ்வாக உள்ள வீட்டின் கழிப்பறையில்தான் அது மேலேறும். அந்த வீடு பெரும்பாலும் ஏழையின் வீடாக இருக்கும். எனவே ஒரு திட்டத்தில் எத்தனை நீரேற்று நிலையங்கள் வருகின்றன என்பதை அதன் மொத்தச் செலவைவிட முக்கியமான எண்ணாக நான் கருதுகிறேன். ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பதில் போதாது. புயலுக்குப் பின் டீசல் எங்கிருந்து வரும், பத்து நாள் ஓட அதற்குத் தெம்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

கடலூரில் இந்த எண்ணைப் பெருக்குபவை ஆறுகள். வடக்கே தென்பெண்ணை, மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம், முதுநகர் ஓரமாக உப்பனாறு. ஓர் ஆற்றைக் கழிவுநீர் கடக்க வேண்டுமானால், பாலத்தின் ஓரமாக அழுத்தக் குழாயில் தூக்கிக் கடக்க வேண்டும், அல்லது ஆற்றுக்கு அடியில் புகுந்து ஏற வேண்டும். முதல் வழிக்கு மோட்டார் ஓயாமல் ஓட வேண்டும். இரண்டாவதில் ஆற்றுக்கடியில் இருக்கும் தாழ்வில் மணல் அடைத்துக்கொள்ளும். ஊர் முழுவதற்கும் ஒரே சுத்திகரிப்பு நிலையம் என்று வைத்தால், எப்படியும் யாரோ சிலரின் கழிவுநீர் ஆறு தாண்டியாக வேண்டும். அதைத் தவிர்த்து, கெடிலத்துக்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று பிரித்துவிட்டால் நிலையங்களின் எண்ணிக்கை கூடும். ஆனால் ஆபத்து சிதறும், ஒன்று நின்றாலும் மற்றது ஓடும்.

சுத்திகரிப்பு நிலையத்துக்கு எப்போதும் ஊரின் மிகத் தாழ்வான நிலத்தைத்தான் தேடுவார்கள், ஏனெனில் நீர் தானாக அங்கே வந்து சேரும். வெள்ளமும் அங்கேதான் வந்து சேரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெங்கல் புயல் மழையை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரைப் பகுதிகள் மூழ்கியதைக் கண்முன் கண்டோம். இனி எந்த நிலையம் கட்டினாலும் அந்த வெள்ளம் தொட்ட உயரத்தைச் சுவரில் கோடு போட்டுக் குறித்து, மோட்டாரும் மின்பலகையும் அதற்கு மேலே அமைய வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

பாதாள சாக்கடையில் இன்னொரு சிக்கல், குழாய் பதிந்தபின்தான் தெரியவரும். அதில் நீர் வேண்டும். இந்திய நடைமுறையின்படி, பாதாள சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் தர வேண்டும்; இல்லாத ஊருக்கு 70 லிட்டர் போதும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் ஓட்டம்தான். வழங்கும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்று கணக்கிடுவார்கள். 2011 மக்கள்தொகைக்கே இந்தக் கணக்கைப் போட்டால் நாளொன்றுக்கு 2.34 கோடி லிட்டர் குடிநீரும் 1.87 கோடி லிட்டர் கழிவுநீரும் வரும். பாதி மனைகள் காலியாக, மீதி வீடுகளில் பாதிப் பேர் டெபாசிட் கட்டி இணைப்புப் பெறாமல் இருக்கும் புதிய நகரில், இந்த ஓட்டத்தில் கால்பங்குகூடக் கிடைக்காது. குழாயின் அடியில் கசடு படியும், அழுகும், ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். அந்த வாயு ஈரமான சுவரில் அமிலமாகிக் கான்கிரீட்டின் உச்சிப் பகுதியை அரிக்கும்.

அரிப்பது கான்கிரீட்டை மட்டும் அல்ல. 2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில், பாதாள சாக்கடையில் உண்டான நச்சு வாயு வீட்டுக் கழிப்பறைகள் வழியாக மேலேறி மூன்று பேர் உயிரிழந்தார்கள். கழிப்பறைக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே எப்போதும் நீர் நின்று வாயுவை மறிக்கும் வளைகுழாயும், வாயு உயரே போய்விட ஒரு காற்றுக் குழாயும் ஒவ்வொரு வீட்டு இணைப்பிலும் இருந்தாக வேண்டும். இவை சில ஆயிரம் ரூபாய்ச் சாமான்கள். வீட்டு இணைப்பை வீட்டுக்காரர் பொறுப்பு என்று விட்டுவிடும் திட்டங்களில் இவைதான் முதலில் விடுபடும் என்பதால், இணைப்பையும் திட்டச் செலவிலேயே சேர்த்து மாநகராட்சியே செய்து தருவதே முறை.

இனி இரண்டாவது வழி. செப்டிக் டேங்கை வைத்துக்கொள்வது பிற்போக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் அது உண்மை அல்ல. கேப்பர் மலைப் பக்கம் மேட்டுச் செம்மண் நிலத்தில், நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் இடத்தில், ஒழுங்காகக் கட்டிய டேங்கும் உறிஞ்சுகுழியும் பல ஆண்டுகள் குறையின்றி வேலை செய்யும். குறை டேங்கில் இல்லை. நிறைந்து வழியும்வரை அதைத் திறந்தே பார்க்காத பழக்கத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடை எடுத்தால்தான் மேலே தெளிவதற்கு இடம் இருக்கும். எடுத்த கசடு எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. ஆள் நடமாட்டம் இல்லாத ஓடையிலோ ஏரிக்கரையிலோ இரவில் குழாயைத் திறந்துவிடும் லாரிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; கொட்ட இடம் தராமல் ஓட்டுநரை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது.

இதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் கசடுக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 23 ஆயிரம் லிட்டர் கசடை மணற்படுகைகளில் உலர்த்தி, வடியும் நீரைத் தனியே சுத்திகரிக்கும் எளிய அமைப்பு அது. கடலூரின் விளிம்பில் பத்தாயிரம் வீடுகளை இந்த முறையில் வைத்திருப்பதாகக் கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 3,333 டேங்குகள். ஆண்டில் 300 வேலை நாள் என்றால் நாளொன்றுக்குப் பதினோரு லாரி. டேங்குக்கு 4,000 லிட்டர் வீதம் 44 ஆயிரம் லிட்டர், அதாவது கருங்குழியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது எட்டாத அளவு அல்ல. ஆனால் வீட்டுக்காரர் கூப்பிட்டால் மட்டும் வருவோம் என்றிருந்தால் இந்தக் கணக்கு நடக்காது. சொத்துவரியோடு சிறு தொகையை வசூலித்து, தெருவாரியாக நாள் குறித்து மாநகராட்சி லாரியே வர வேண்டும். மேலும், நீர்மட்டம் மேலே இருக்கும் தாழ்வான மணற்பகுதிகளில் இந்த முறை தோற்கும் என்பதை எங்கள் வீட்டு டேங்கே சொல்லிவிட்டது. அங்கே சுற்றிலும் நீர் நிற்கும்போது டேங்கைக் காலி செய்தால், வெறும் டேங்க் மிதந்து எழும்பி இணைப்புக் குழாய் உடையவும் கூடும்.

அத்தகைய பகுதிகளுக்கு மூன்றாவது வழியைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 1960-களில் சாம்பியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தொடங்கிய முறை இது. கசடு டேங்கிலேயே தங்கிவிடுவதால் குழாய்க்குள் போவது நீர் மட்டும், அதனால் 0.6 மீட்டர் வேகம் தேவையில்லை, மூன்று நான்கு அங்குலக் குழாய் போதும், தரையின் மேடுபள்ளத்தை அனுசரித்து ஆழமில்லாமல் பதிக்கலாம். முப்பது மீட்டருக்கு ஒன்று என்று ஆளிறங்கும் தொட்டிகள் கட்ட வேண்டியதும் இல்லை. மணலில் ஐந்து மீட்டர் தோண்டுவதற்கும் ஒரு மீட்டர் தோண்டுவதற்கும் உள்ள வேறுபாடு, செலவில் மட்டும் அல்ல, தோண்டுபவரின் உயிர்ப் பாதுகாப்பிலும் தெரியும். ஆனால் டேங்குகள் கசியாதவையாக இருக்க வேண்டும், கசடு எடுப்பதும் தவறாமல் நடக்க வேண்டும். ஒரு தெருவில் பத்துப் பேர் டேங்கைத் தாண்டி நேரே இணைத்துக்கொண்டால், அந்தச் சிறு குழாய் சில மாதங்களில் அடைத்துவிடும். ஆகவே இந்த வழி இரண்டாவது வழியின் ஒழுங்கை முன்கூட்டியே கேட்கிறது. லாரி முறையை நடத்திக் காட்டாத நிர்வாகம் இதில் கைவைக்கக் கூடாது.

நான்காவது வழிக்குப் பக்கத்திலேயே நல்ல பாடங்கள் உண்டு. ஆரோவில்லில் பல குடியிருப்புகள் தத்தம் கழிவுநீரைத் தாங்களே சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகின்றன. தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்திலும் அப்படி ஓர் அமைப்பு உண்டு. நிலமும், பொறுப்பேற்கும் ஒரே நிர்வாகமும், நீர் பாய்ச்சத் தோட்டமும் இருப்பதால் அங்கே இது வேரூன்றியது. ஆயிரம் வீடுகளும் நாலாயிரம் பேரும் கொண்ட ஒரு நகரில் முன்சொன்ன கணக்குப்படி நாளொன்றுக்கு 4.3 லட்சம் லிட்டர் கழிவுநீர் வரும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போதே பூங்காவுக்கு ஒதுக்குவதுபோல இதற்கும் இடம் ஒதுக்கச் செய்யலாம். வீடுகள் எழும்பியபின் ஒரு சென்ட் கூடக் கிடைக்காது. எனினும் இப்படி இருபது நிலையங்களை ஊர் முழுக்கத் தூவிவிட்டு, இரண்டு பொறியாளர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். மோட்டார் பழுதானால் சிறிய நிலையம் சத்தமில்லாமல் நின்றுவிடும். கழிவுநீர் அப்படியே தாண்டிப் போகும். யாருக்கும் தெரியாது.

பராமரிக்கும் கைகளைப் பற்றி இங்கே நேராகச் சொல்லிவிட வேண்டும். கழிவுநீர்க் குழாயிலும் டேங்கிலும் ஆபத்தான முறையில் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்விப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவ்வாறு இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இருந்தும், மழை பெய்து தெருவில் நீர் நின்றதும் மக்கள் செய்யும் முதல் வேலை, ஆளிறங்கும் தொட்டியின் மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்துவிடுவது. தெருநீர் வடிந்துவிடும், அதோடு மணல், தேங்காய் நார், பிளாஸ்டிக் பை எல்லாம் உள்ளே போகும். அதை எடுக்க யாராவது ஒருவரை இறங்கச் சொல்லும் நிலை அடுத்த வாரம் வரும். மழைநீர் வடிகால் இல்லாத தெருவில் பாதாள சாக்கடை பதிப்பது அந்தத் தொழிலாளியின் உயிரோடு விளையாடுவது என்றே நான் கருதுகிறேன். வடிகால் முதலில், குழாய் பிறகு. உறிஞ்சும் லாரியும் அடைப்பை நீர் பீய்ச்சி எடுக்கும் வண்டியும் குழாய் விலையோடு சேர்த்தே மதிப்பீட்டில் வர வேண்டும்.

குடிநீரைத் தனித் திட்டமாகப் பார்ப்பதும் இதே போன்ற தவறு. கடலூரின் கடற்கரைப் பகுதியில் அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உட்புகும். நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், அடியில் உப்புநீர் எல்லை சுமார் நாற்பது மீட்டர் மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. உள்நாட்டுப் பக்கம் நெய்வேலியில் சுரங்கப் பணிக்காக நிலத்தடி நீர் தொடர்ந்து இறைக்கப்படுகிறது. இந்த மாவட்டத்து வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. கடல்நீரைக் குடிநீராக்கலாம்; ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும், சிறிய மாநகராட்சியின் கட்டண வருவாய்க்கு அது பெருஞ்சுமை. இந்நிலையில் கையருகே உள்ள புதிய நீர்வளம், சுத்திகரித்த கழிவுநீர்தான். சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மேல்நிலைச் சுத்திகரிப்பு செய்து தொழிற்சாலைகளுக்குத் தரும் நிலையங்கள் 2019 முதல் இயங்குகின்றன. கடலூருக்குத் தெற்கே சிப்காட் இருக்கிறது. முதுநகர்ப் பக்கத்துக் கழிவுநீரைத் தெற்கு நிலையத்தில் சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்றால், அவை நிலத்திலிருந்து எடுக்கும் நீரை அந்த அளவுக்குக் குறைக்கலாம். வடக்கு நிலையத்து நீர் சவுக்குத் தோப்புகளுக்குப் போகலாம். ஒன்று மட்டும் கண்டிப்பு: ஆலைக் கழிவை வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் கலக்க விடக் கூடாது; சுத்திகரிக்கும் நுண்ணுயிரிகள் செத்துவிட்டால் நிலையமே வெறும் தொட்டியாகிவிடும்.

இவற்றையெல்லாம் எடைபோட்டு நான் வந்திருக்கும் முடிவு இது. அடர்ந்த பழைய பகுதிகளில், இருக்கும் பாதாள சாக்கடையை முழுமையாக்கி எல்லா வீடுகளையும் இணைப்பதில் முதல் பணத்தைச் செலவிட வேண்டும். கேப்பர் மலைப் பக்கத்து மேட்டு நகர்களை அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குச் செப்டிக் டேங்கிலேயே விட்டுவிட்டு, நாள் குறித்த கசடு லாரியை இந்த ஆண்டே தொடங்கலாம். ஆற்றோரத் தாழ்நிலங்களிலும் மீனவர் குடியிருப்புகளிலும் கசியாத டேங்கும் சிறு குழாயும். அதுவும் லாரி முறை இரண்டு ஆண்டுகள் தவறாமல் நடந்தபின். புதிதாக ஒப்புதல் கேட்கும் பெரிய மனைப்பிரிவுகளில் சுத்திகரிப்புக்கு இடம் ஒதுக்காமல் ஒப்புதல் இல்லை. எந்தக் கழிவுநீரும் கெடிலத்தைத் தாண்டக் கூடாது. இதில் என்னை எதிர்ப்பவர்கள், மேட்டு நகரில் வசிப்பவர்களும் வரி கட்டுகிறார்களே, அவர்களுக்கு மட்டும் ஏன் பாதாள சாக்கடை இல்லை என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அவர்கள் டேங்குக்கு வரும் லாரியின் செலவை மாநகராட்சி ஏற்றுக்கொள்வதே அதற்கு ஒழுங்கான பதில்.

மதிப்பீடு தயாரிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. வரும் கார்த்திகையில், மழை ஓய்ந்த மறுவாரம், ஒவ்வொரு புதிய நகரிலும் நான்கு இடத்தில் மண்ணில் துளையிட்டு, நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து தரைமட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும். சித்திரையில் எடுத்த அளவை வைத்துக் குழாய் வரைந்தால், எங்கள் தெருவில் லாரி வந்துபோன மறுநாள் காலையில் நான் கண்டதைத்தான் ஊரே காணும்.